இரண்டு தரம் கேட்ட குரல்

என் கணவருக்கு அரண்மனைப் பைத்தியம். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு பாண் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக மாப் பிசையும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் டேனிஷ் ராசாக்களின் கதைகளைத்தான் வாசிப்பார். எந்த ராசா எத்தனை கலியாணம் முடித்தான், எவன் எந்த வருத்தத்தில் செத்தான், எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பார். சொந்தத் தம்பியின் பிறந்தநாள் எப்போது என்று கேட்டால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார். அதனால் எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் அதிகம் யோசிக்கவில்லை. சேலாந்துத் தீவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் அரண்மனைக்கு இரண்டு நுழைவுச்சீட்டு அனுப்பிவிட்டாள். ராசகுடும்பம் அங்கே இல்லாத ஜூலை மாதத்தில் மட்டும் சனத்தை உள்ளே விடுவார்கள்.

சீட்டோடு எனக்கு டேனிஷில் ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க மறக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். அவருக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறவர். ஊசி போட்டபின் சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கிவிடும். முதலில் வியர்க்கும், பிறகு கை நடுங்கும், கதை குழறும், அதற்கும் பிந்தினால் நினைவு தப்பும். இதை எனக்கு மகள் படிப்பிக்கத் தேவையில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஒரு கிழவருக்குச் சாப்பாடு பத்து நிமிடம் பிந்தினாலும் சமையலறையில் போய்ச் சண்டை பிடிக்கிறவள்.

அன்று காலை ஆறரைக்குப் புறப்படும்போது அவர் வாசலில் தன் மங்கிய நீலச் சேட்டோடு நின்றார்.

"இந்தச் சேட்டோடையோ அரண்மனைக்கு வாறியள்? தோட்டக்காரன் எண்டு பிடிச்சு வேலை தந்திடுவாங்கள்," என்றேன்.

"தந்தால் நல்லது தானே. பென்சனும் கிடைக்கும்," என்று சொல்லிக்கொண்டு போய் மாற்றினார். வெள்ளைச் சேட்டில் ஆள் கொஞ்சம் மாப்பிள்ளை மாதிரித்தான் இருந்தார். நீலச் சேட்டின் பையில் அவர் எப்போதும் குளுக்கோஸ் வில்லைகள் நாலைந்து வைத்திருப்பார். அது எனக்கு நினைவு வந்தது மத்தியானத்துக்குப் பிறகுதான்.

சாப்பாட்டுப் பையை நானே கட்டினேன். றோல்ஸ், முட்டை, வாழைப்பழம், இரண்டு பெட்டி மாம்பழச் சாறு, சீனி பார்க்கும் கருவி. சேலாந்துக்குப் போகக் கடலுக்கு மேலே கட்டிய பெரிய பாலத்தைக் கடந்து ஓரிடத்தில் காரை நிறுத்தி, அவர் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு துண்டுப் பாண் சாப்பிட்டார். மூன்றாவதைச் சாப்பிடச் சொன்னேன். பாண் தொழிற்சாலைக்காரனுக்குப் பாணைக் கண்டாலே வெறுப்பு என்றார். அரண்மனை பார்த்து முடிய, பன்னிரண்டரைக்கு மத்தியானச் சாப்பாடு என்று பேசிக்கொண்டோம்.

அரண்மனை வாசலில் பைகளை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். போன்களைச் சத்தம் வராமல் ஆக்கச் சொன்னார்கள். எங்களோடு பதினைந்து பேரளவில் இருந்தார்கள். கூட்டிக்கொண்டு போன பெண்மணி ஒவ்வொரு அறை வாசலிலும் குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தாள். உள்ளே யாரோ நித்திரை கொள்கிறார்கள் என்பது போல இருந்தது.

எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், பயமாக இருந்தது. நான் இடிந்த கோட்டை போல ஏதோ பழைய இடத்தை எதிர்பார்த்துப் போனவள். இதுவோ ஆட்கள் போன வாரம்வரை இருந்துவிட்டு எழுந்து போன வீடு. மேசையில் புதுப் பூக்கள். ஒரு கதிரையின் மெத்தையில் யாரோ இருந்து எழும்பிய பள்ளம். கண்ணாடிகள் மட்டும் முந்நூறு வருடப் பழசாக மங்கிப்போய், எங்கள் முகங்களைக் கொஞ்சம் பிந்தித்தான் காட்டின. முதியோர் இல்லத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய அறையைத் துடைத்து, கட்டிலை விரித்து, அடுத்தவருக்கு ஆயத்தம் செய்வோம். அந்த இடைவெளியில் அறைக்கு ஒரு முகம் இருக்கும். இங்கே எல்லா அறைக்கும் அந்த முகம்.

கடைசியாகப் பார்த்த அறையில் ஒரு ஜன்னல் ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. மற்ற எல்லாம் பூட்டு. திரை மெல்ல அசைந்தது. எங்கள் வேலையிடத்தில் ஒருவரின் மூச்சு நின்றதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவிடுவோம். ஆவி வெளியே போக வழிவிடுவது டேனிஷ்காரரின் வழக்கம். இருபது வருடமாக எத்தனையோ ஜன்னல்களை நானே திறந்திருக்கிறேன். அதனால் அந்த ஒரு சாண் எனக்கு நல்லதாகப் படவில்லை.

அந்த ஜன்னல் கண்ணாடிகளில் கீறல் கீறலாகக் கையெழுத்துகள். விருந்துக்கு வருகிற வெளிநாட்டுத் தலைவர்கள் வைரமுனையால் தங்கள் பெயரைக் கண்ணாடியில் கீறிவிட்டுப் போவார்களாம். பாதிப்பேர் செத்துப் போனவர்கள். அவர்களுடைய பெயர்களுக்கு ஊடாகத்தான் தோட்டம் தெரிந்தது. நேர்க்கோடுகளாக ஓடும் பாதைகள், சுவர் மாதிரிச் சீவிவிட்ட மரங்கள், ஒரு ஈ காக்கை இல்லை.

பயத்தை மறைக்க நான் பகிடி விட்டேன். "நீங்களும் உங்கடை பேரை எழுதுங்கோவன்."

"நீர் சொல்லும், நான் எழுதிறன்," என்றார் அவர்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்சாதி புருசனின் பெயரைச் சொல்வதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள், என்னால் முடியவில்லை. வைத்தியரிடம் போனால் அவருடைய பெயர் போட்ட மஞ்சள் சுகாதார அட்டையை நீட்டிவிடுவேன். இங்கே பாருங்கள் என்ற பொருளில் வீட்டில் நான் அவரை "இஞ்சாருங்கோ" என்பேன். அவர் என்னை "இஞ்சாரும்" என்பார். முப்பது வருடமும் இந்த இரண்டு சொல்லோடு ஓடிவிட்டது. அவர் என்னைச் சீண்டுவதென்றால் இந்த இடத்தில்தான் கை வைப்பார்.

வெளியே வந்தபோது பன்னிரண்டே முக்கால். கழிப்பறையில் பெரிய வரிசை. அதன்பிறகு நான் பையையும் எடுக்க வேண்டும்.

"நான் முன்னுக்குப் போய் ரெண்டு படம் எடுத்துக்கொண்டு நிக்கிறன்," என்றார்.

"தூரப் போகாதேங்கோ. சாப்பிட வேணும்."

"இதிலை தானே நிக்கப் போறன்."

நான் சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது "இதிலை" யாரும் இல்லை. போன் அடித்தேன். சத்தம் இல்லாமல் கிடக்கிற போன், எடுக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ராசாவின் தோட்டத்தைக் கண்டதும் பெண்சாதியை மறந்துவிட்டார், வரட்டும், றோல்ஸில் ஒன்றைக் குறைக்கிறேன் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு நடந்தேன்.

அந்தத் தோட்டம் பூந்தோட்டம் இல்லை. அரண்மனையின் பின்பக்கத்திலிருந்து விசிறி மட்டைகள் போல நேர்ப் பாதைகள் பிரிந்து போகின்றன. ஒவ்வொன்றின் இருபக்கமும் லின்டன் மரங்கள், ஒரே உயரத்துக்கு வெட்டியவை. எந்தப் பாதையில் நின்று திரும்பிப் பார்த்தாலும் அரண்மனை நடுவில் நின்று உங்களைப் பார்க்கும். சனம் எல்லாம் சாப்பிடப் போயிருக்க வேண்டும். என் செருப்புக்குக் கீழே சரளைக்கல் நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது. நான் நின்றால் அதுவும் அரை நொடி பிந்தித்தான் நின்றது போல இருந்தது.

அவர் எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். காரில் வரும்போது முழுக்க அதைப் பற்றித்தான் கதை. தோட்டத்தின் ஓரிடத்தில் வட்டமான பள்ளம் ஒன்று இருக்கிறது, அதன் படிகளில் கல் மனிதர்கள் நிற்கிறார்கள், எழுபது பேராவது வரும் என்றார். ராசாக்களோ தெய்வங்களோ இல்லையாம். அந்த நாளில் டென்மார்க் ஆண்ட நோர்வேயிலும் பரோத் தீவுகளிலும் இருந்த மீன்பிடிகாரரும் கமக்காரரும் அவர்களின் பெண்களும். "எங்களைப் போல ஆக்களை அரண்மனைத் தோட்டத்திலை வைச்சிருக்கிறான் பாரும்," என்று அவருக்குப் பெரிய சந்தோசம்.

பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றேன். நேரம் ஒரு மணி பத்து நிமிடம். இந்த நாட்டில் கோடையில் சூரியன் உச்சிக்கு வருவதே அந்த நேரத்தில்தான். நிழல் எல்லாம் சிலைகளின் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தது. வட்டம் வட்டமாகப் புல் படிகள், ஒவ்வொரு படியிலும் ஆட்கள். ஒருவன் தோளில் துடுப்பு. ஒருத்தி இடுப்பில் மூட்டை. கல்லில் பாசி பிடித்து முகங்கள் பாதி அழிந்திருந்தன. எல்லோரும் நடுவைப் பார்த்துக்கொண்டு, யாரோ வரப்போகிறார்கள் என்று காத்து நிற்பவர்கள் மாதிரி. என் கணவர் அங்கே இல்லை. இல்லை என்றுதான் நினைத்தேன்.

திரும்பினேன். அப்போது பின்னாலிருந்து கேட்டது.

"இஞ்சாரும்."

மெல்லிய குரல், காய்ந்த குரல். என் கணவருக்கு இயந்திர இரைச்சலில் கத்திப் பழகிய தொண்டை. அவர் போனில் கதைத்தால் பக்கத்து வீட்டு டேனிஷ்காரன் கதவைச் சாத்துவான். இது அவருடைய குரல் இல்லை. எங்கள் ஊரில் எல்லா ஆண்களும் பெண்சாதியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் அப்பா அம்மாவைக் கடைசியாகக் கூப்பிட்டதும் அப்படித்தான், இந்த மாதிரி ஒரு குரலில்தான். திரும்பிப் பார்த்தேன். துடுப்புக்காரனும் மூட்டைக்காரியும் மற்றவர்களும் நின்றபடி நின்றார்கள்.

"இஞ்சாரும்."

சின்ன வயதில் அம்மா எங்களுக்குச் சொல்லி வைத்த ஒரு விசயம் உண்டு. உச்சிப் பொழுதில், ஆளில்லாத இடத்தில் யாராவது கூப்பிட்டால் உடனே "ஓம்" என்று சொல்லக் கூடாது. பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாந்தரம் கூப்பிட அதற்கு ஏலாது. மூன்றாவது தரமும் கேட்டால்தான் மனிசர். வேலையில் இதையெல்லாம் நான் பார்ப்பதில்லை, அங்கே மணி ஒரு தரம் அடித்தாலே ஓடுகிறவள். ஆனால் மணி கூப்பிடுவது டேனிஷில். இது தமிழில் கூப்பிட்டது, அதுவும் என் வீட்டுச் சொல்லால். டென்மார்க்கின் ஒரு தோட்டத்தில், கல் மனிதர்களுக்கு நடுவில்.

மூன்றாவது தரத்துக்காகக் காத்து நின்றேன். முப்பதுவரை எண்ணியிருப்பேன். ஒரு குருவிகூடக் கத்தவில்லை. "முருகா" என்று சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மரங்களுக்கு நடுவே அரண்மனையை நோக்கி வேகமாக நடந்தேன். ஓட்டம் என்றே சொல்லலாம்.

அரண்மனைக்குக் கிட்ட ஒரு மர வாங்கில் குந்தி மூச்சு வாங்கினேன். அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள், ஒரு குழந்தை ஐஸ்கிறீமைச் சட்டையில் ஊத்திக்கொண்டிருந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று பையைத் திறந்தேன். மேலே மாம்பழச் சாறு இரண்டு பெட்டி. பக்கத்தில் சீனி பார்க்கும் கருவி. நேரத்தைப் பார்த்தேன், ஒன்றரை. காலையில் ஊசி போட்டவர். இரண்டு துண்டுப் பாண். வெள்ளைச் சேட்டு. குளுக்கோஸ் வில்லைகள் ஒடென்சேயில் நீலச் சேட்டின் பையில் கிடக்கின்றன.

அவருடைய சாப்பாடு என் தோளில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டுதான் நான் ஓடி வந்திருக்கிறேன்.

எப்படித் திரும்பி ஓடினேன் என்று தெரியாது. "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வழியில் தள்ளுவண்டியோடு ஒரு தோட்டக்காரப் பெண் வந்தாள். கையில் புல் வெட்டும் கத்தரி. என்ன நடந்தது என்று கேட்டாள். கணவரைக் காணவில்லை, அவருக்கு நீரிழிவு, இன்சுலின் போட்டவர் என்றேன். அவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு என்னோடு பள்ளத்துக்கு ஓடி வந்தாள்.

"அவருடைய பெயர் என்ன? பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்," என்றாள் டேனிஷில். "நான் அந்தப் பக்கம் பார்க்கிறேன்."

அவள் மேல் படியால் சுற்றிப் போனாள். நான் பள்ளத்தின் நடுவில் தனியே நின்றேன். கல் மனிதர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பது வருடமாக வாயால் வராத பெயர். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். அது எனக்கே வேறு யாரோ பெண்ணின் குரலாகக் கேட்டது. பதில் இல்லை. இன்னொரு தரம் கத்தினேன். பதில் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மூன்றாந்தரம் கத்தினேன்.

"ஓம்."

நான் முதலில் வந்து நின்ற விளிம்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். துடுப்புக்காரனின் பீடத்துக்குப் பின்னால், கல்லில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டியபடி இருந்தார். வெள்ளைச் சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் அந்தச் சிலைகளின் நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சாற்றுப் பெட்டியைக் குத்தித் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் விட்டேன். தோட்டக்காரப் பெண் ஓடி வந்து அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டாள். நாலுக்குக் கீழே இறங்கக் கூடாத சீனியைக் கருவி இரண்டு புள்ளி ஒன்று என்று காட்டியது. என் வேலையிடத்தில் அந்த எண்ணைக் கண்டால் எல்லோரும் ஓடுவோம்.

இரண்டாவது பெட்டி முடியும்போது கண்ணுக்கு உயிர் வந்தது. வாழைப்பழம் சாப்பிட்டார். றோல்ஸில் கை வைத்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் அழுறீர்?" என்று கேட்டார். நான் அவருடைய தோளில் ஒன்று போட்டேன். தோட்டக்காரப் பெண் சிரித்தாள்.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். பெரிய பாலத்தில் ஏறியதும் அவர் மெல்லச் சிரித்தார்.

"நீர் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டனீர் என்ன?"

"வேறை என்ன செய்யிறது?"

"முதல்தரம் கேக்கேக்கை அம்மா எண்டு நினைச்சன். பொம்பிளைக் குரலிலை என்ரை பேரை அப்பிடிச் சொல்லுறது அவ மட்டும்தானே. அவ செத்து ஒன்பது வருசம். பேயாக்கும் எண்டு பேசாமல் கிடந்திட்டன். மூண்டாந்தரமும் கேட்ட பிறகுதான் ஓம் எண்டனான்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "படிச்ச மனிசன் பாரும்! சாகக் கிடக்கேக்கையும் எண்ணிக்கொண்டு கிடக்கிறன்."

பள்ளத்தில் கேட்ட குரலைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார், நானும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம்.

"நீங்கள் என்னைக் கூப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

யோசித்தார். "இல்லை. கூப்பிட வாய் வரேல்லை. நாக்குக் கட்டை மாதிரிக் கிடந்தது. ஏன், உமக்கு ஏதும் கேட்டதோ?"

"இல்லை," என்றேன்.

சீனி அவ்வளவு இறங்கினால் அந்த நேரத்தில் செய்தது சொன்னது எதுவும் ஆளுக்கு நினைவிருக்காது. வேலையில் எத்தனையோ பேரிடம் கண்டிருக்கிறேன். ஆகவே அவர் கூப்பிட்டுவிட்டு மறந்திருக்கலாம். அல்லது அவர் சொல்வது போலக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பள்ளத்தில் என்னை இரண்டு தரம் கூப்பிட்டது யார்? பேய்க்குப் பயந்த நான் இப்போது ஒவ்வொரு நாளும் அது பேயாகவே இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்கிறேன். பேய் என்றால் நான் செய்தது சரி.

அதையும் நம்பவிடாமல் ஒரு படம் இருக்கிறது. அந்த வார முடிவில் அவர் அன்றைய படங்கள் முழுவதையும் மகளுக்கு அனுப்பினார், எனக்கும் அனுப்பினார். அரண்மனை, மரங்கள், துடுப்புக்காரன், மூட்டைக்காரி. கடைசிப் படம் சரிந்து கலங்கிக் கிடந்தது. பாதிக்குக் கல் பீடத்தின் விளிம்பு. மற்றப் பாதியில் மரங்களுக்கு நடுவே நீண்ட பாதை. அதில் சின்னதாக ஒரு பெண்ணின் முதுகு, தோளில் சாப்பாட்டுப் பை. நேரம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் என்று கீழே இருக்கிறது. நடுங்குகிற விரலால் எனக்குப் போன் அடிக்கப் பார்த்தாரோ, அது படமாய் விழுந்ததோ தெரியாது.

மகள் அந்தப் படத்தைப் பற்றி மட்டும் கேட்டாள்: "அம்மா எங்கே இவ்வளவு அவசரமாகப் போகிறா?" நான் எழுத முதலே அவர் பதில் எழுதினார். "எனக்குச் சாப்பாடு எடுக்கப் போறா."